பதினேழாம் எண் ஸ்லைடு

மார்ச் 6

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதத்தைப் பார்த்து மிரளாதே. நீ பட்டன் தைத்துக் கொடுக்கும் தையல் கடை முகவரிக்கே அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அதை எடுப்பவன் உன் புருஷன், என் தம்பி. என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவான். அவன் என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்மாவின் திவசத்துக்கு வந்தவர்கள் முன்னால் அவன் சட்டைப் பையைத் துழாவி சிகரெட்டை எடுத்துப் போட்டது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு "இனிமே தொடமாட்டேம்மா" என்று சொன்னவன் அவன்தானே. கட்டிலுக்கு மறுபக்கம் நான் நின்றிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து அவனுடைய பெயின்ட் பட்டறைக்குப் பெட்டிகள் அனுப்பினோம். ஆளுக்கு ஒரு மெல்லிய பிரஷ், ஒரு குப்பி. காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் பத்துத் தடவை சுரண்டி, குப்பியில் அலசி மூடிக் கொடுக்க வேண்டும். நான் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டான். ஃபோர்மேன் எல்லாரையும் கொடுக்கச் சொன்னதால் கொடுத்திருக்கிறான்.

அந்தச் செல்களைக் கண்ணாடியில் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆளுக்கு இரண்டாயிரம் செல். உள்ளே டிஎன்ஏ உடைந்திருந்தால், உடைந்த துண்டு உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு மாதிரி தனியாக நிற்கும். இரண்டு, மூன்று யாருக்கும் இருக்கும். புகையும் சில ரசாயனங்களும் அதைக் கூட்டும். பதினேழாம் எண் ஸ்லைடில் பத்தொன்பது இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன். அதே பத்தொன்பது.

எண்ணுகிறவர்களுக்குப் பெயர் தெரியக் கூடாது என்பது இங்கே சட்டம். பெயர்ப் பட்டியல் எங்கள் டாக்டரம்மாவின் அலமாரியில் இருக்கும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் திறந்து பார்த்துவிட்டேன். பதினாறு வருட வேலையில் இதுதான் முதல் முறை. பதினேழுக்கு நேராக அவன் பெயர் இருந்தது.

இது நோய் என்று சொல்லும் ரிப்போர்ட் இல்லை, அலறாதே. ஆனால் அவன் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறான். நீ கேள். உன் வாய்க்கு அவன் பயப்படுவான்.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடை முதலாளியம்மா கொடுத்தபோது கையில் இருந்த டப்பாவைத் தவறவிட்டேன். பட்டன்களைப் பொறுக்கவே அரை மணி ஆனது. "யார் எழுதியிருக்கா, எதிரியா?" என்று அவர் கேட்டார். "என் வீட்டுக்காரரோட அக்கா" என்றேன். "அப்ப சரிதான்" என்றார்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பட்டறையில் வேலை அதிகம், வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். வீட்டுக்குள் இவர் பிடித்து நான் பார்த்ததில்லை, அது மட்டும் நிஜம்.

எனக்குச் சில சந்தேகம், அண்ணி. படித்தவர் என்பதால் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். சிகரெட்டே தொடாத ஒருவருக்குப் பத்தொன்பது வருமா? எண் ஏதாவது மாறிப் போயிருக்குமா? அந்தப் பொட்டு வந்தது வந்ததுதானா, இல்லை போய்விடுமா? உடம்பில் வேறு எங்கேயும் அப்படி இருக்கும் என்று அர்த்தமா?

நாலு கேள்வி கேட்டுவிட்டேன். மெதுவாக எழுதுங்கள். இல்லை, சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 28

வாயாடி,

வக்கீல் வைத்தது போலக் கேட்டிருக்கிறாய். எண் மாறவில்லை. "வீட்டுக்குள்" பிடித்துப் பார்த்ததில்லை என்கிறாயே, வீட்டுக்கு வெளியே? புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாய், சரி.

சிகரெட் தொடாதவருக்கும் வரலாம். பட்டறையில் பெயின்டைக் கரைக்கும் தின்னர் போதும். போய்விடுமா என்றால், போய்விடும். கன்னத்தின் உள்தோல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது. காரணத்தை நிறுத்தினால் எண்ணிக்கை இறங்கும். வேறு எங்கே என்று கன்னம் சொல்லாது. ஜாக்கிரதையாக இரு என்று மட்டும் சொல்லும்.

அவனை முகமூடி போட்டுக்கொள்ளச் சொல். அப்புறம் அந்த வேலை உடுப்பு. அதை மற்ற துணிகளோடு மெஷினில் போடாதே, அதிலுள்ள தின்னர் அவன் உள்சட்டையிலெல்லாம் ஒட்டும். தனி வாளியில், நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துக் கையால் கசக்கு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய். இல்லாவிட்டால் வாடை வீடெல்லாம் பரவி, தூங்கும்போதும் அவன் அதையே சுவாசிப்பான்.

தம்பி மேல் கோபம்தான். ஆனால் அவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் சொல்.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். வாரம் மூன்று நாள், தனி வாளி, கொதிக்கிற தண்ணீர், கதவைச் சாத்திக்கொண்டு. ஆவியில் என் முகம் எனக்கே தெரிவதில்லை. பெயின்ட் கறை மட்டும் சுடுதண்ணீருக்கு மசியாது. அதற்கென்று இவர் பட்டறையிலிருந்து ஒரு பாட்டில் தின்னர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பழைய துணியில் தொட்டுத் தேய்ப்பேன். ஒன்பது வருடமாக அப்படித்தான். முன்பு பின்கட்டில் உட்கார்ந்து தேய்ப்பேன், இப்போது உள்ளே. முடித்து வெளியே வரும்போது தலை சுற்றுகிறது, கண் எரிகிறது. சாயங்காலம் சரியாகிவிடும்.

இவர் முகமூடி போடுகிறார். பட்டறையில் புதிதாகக் கொடுத்திருக்கிறார்களாம். "பன்னி மூஞ்சி மாதிரி இருக்கு" என்று என்னிடம் போட்டுக் காட்டினார்.

அண்ணி, பொதுவாகத்தான் கேட்கிறேன். அந்தப் பொட்டு இருக்கிறவர்களுக்குக் குழந்தை உண்டானால், குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? நீங்கள் நேராகப் பதில் சொல்வீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 29

வாயாடி,

அவசரமாக எழுதுகிறேன். நூற்று இருபது ஸ்லைடு மேஜையில் கிடக்கிறது, கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

குழந்தை ஆசை இன்னும் விடவில்லை என்று தெரிகிறது. தப்பில்லை. ஆனால் இப்போது அந்தப் பேச்சே வேண்டாம். முதலில் அவன் சிகரெட்டை விடட்டும், மூன்று நான்கு மாதம் போகட்டும், மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு யோசிக்கலாம். ஏற்கெனவே இரண்டு முறை பட்டது போதாதா உனக்கு? இன்னொரு பெட்டி அனுப்புகிறேன். மே கடைசியில் அவனைச் சுரண்டிக் கொடுக்கச் சொல்.

சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிப் பழகு.

அண்ணி


ஜூன் 17

அண்ணிக்கு,

பதினேழாம் எண் இவருடையது இல்லை. என்னுடையது.

ஜனவரியில் ஒரு காலை, இவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். "அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு சிகரெட் பிடிச்சாக்கூடக் கண்டுபிடிச்சிரும். நீதான் எதையும் தொடறதில்லையே, நீ சுரண்டிக் குடு" என்றார். "ஆம்பள வாயும் பொம்பள வாயும் ஒண்ணாங்க?" என்று கேட்டேன். "வாய்க்குள்ள என்ன மீசையா மொளச்சிருக்கு?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் சுரண்டினேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த வாரம் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. முன்பு இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொன்ன பிறகு போனது. இந்தத் தடவை நான்கு மாதம் தாண்டும்வரை மூச்சு விடுவதில்லை என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். ஒவ்வொரு கடிதத்திலும் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று வரும். சொன்னால் இவர் ஏமாற்றியதும் வெளியே வரும், நீங்கள் இரண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேச மாட்டீர்கள் என்று பயம். இன்னொரு பயமும் இருந்தது. அந்தப் பத்தொன்பது இவர் பெயரில் இருக்கும்வரை என்னுடையது இல்லை என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. வாயாடி என்று எனக்குப் பெயர் வைத்தீர்கள். பேச வேண்டிய இடத்தில் நான் பேசவில்லை.

மே 27, செவ்வாய்க்கிழமை. பதினெட்டாவது வாரம். பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் காட்டினார். விரல்கள் எல்லாம் இருந்தன.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரே உங்களுக்குப் போன் செய்வதாக இருந்தார். என்ன பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்தார். "அக்கா, நீ அத்தை ஆகப்போற, இப்பவாவது சிரி" என்று தொடங்குவாராம்.

ஆஸ்பத்திரி டாக்டர் "காரணம் இதுதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். கொதிக்கிற தண்ணீரையும் சாத்திய கதவையும் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

நான்


ஜூன் 24

என் கண்ணே,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நான் என்ன எழுதினாலும் அது என்னைக் காப்பாற்றிக்கொள்வது போலத் தெரிகிறது.

ஏப்ரலில் நீ எல்லாவற்றையும் எழுதியிருந்தாய். தின்னரைத் துணியில் தொட்டுத் தேய்க்கிறேன், ஒன்பது வருடமாக, தலை சுற்றுகிறது, கண் எரிகிறது. அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான பெண்கூட அதைப் படித்துவிட்டு எழுந்து ஓடி வந்திருப்பாள். நான் கழுத்து வலிக்கிறது என்று பதில் எழுதினேன். இங்கே அந்த மாதிரித் திரவத்தைத் திறக்க வேண்டுமென்றால், கையுறை போட்டு, காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் திறப்பேன். உனக்குக் கதவைச் சாத்தச் சொன்னேன். அவன் கன்னத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கை என் நினைவிலேயே இல்லை.

இன்று பதினேழாம் ஸ்லைடை வெளியே எடுத்தேன். பெண்களின் செல்லில், எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும் சிலவற்றில், உட்கருவின் ஓரத்தோடு ஒட்டி ஒரு கரும்புள்ளி தெரியும். ஆண்களுக்கு இருக்காது. நாற்பது செல் பார்ப்பதற்குள் எட்டில் அதைப் பார்த்துவிட்டேன். மார்ச்சிலும் அது அங்கேதான் இருந்திருக்கும். நான் அவனுடைய சிகரெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் நீ என் கண்ணில் படவில்லை.

உனக்கு நேராகச் சொல்கிறேன். அந்தப் பத்தொன்பதுதான் குழந்தையைக் கொண்டுபோனது என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஏதோ சொல்லலாம், ஒருத்தியைப் பற்றி இந்த ஸ்லைடு எதுவும் உறுதியாகச் சொல்லாது. ஆனால் நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அந்த வாளியையும் தண்ணீரையும் எழுதியிருக்க மாட்டேன். நான் பட்டியலைத் திறக்காமல் இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். இதில் யார் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன், பிரிக்கத் தெரியவில்லை.

அந்த உடுப்பை இனித் தொடாதே. பாட்டிலையும் பட்டறைக்கே திருப்பி அனுப்பு. நான் வரட்டுமா? கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, வாசல் வரைக்கும் வருகிறேன்.

அண்ணி


ஜூலை 11

அண்ணி,

இப்போது வர வேண்டாம். கோபம் இருக்கிறது. ஆனாலும் இதை எழுத எனக்கு உங்களைத் தவிர ஆள் இல்லை.

உடுப்பு வீட்டுக்கு வருவதில்லை. வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன். இவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

இவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சிகரெட்டை விட்டுவிட்டார். தீப்பெட்டிகூட வீட்டில் இல்லை, அடுப்பு லைட்டரை நான்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன். "ஜன்னலுக்கு வெளிய நின்னு ஊதினேன். புகை உள்ளதானே வந்திருக்கும். நீ உள்ளதானே இருந்த" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். வேலையிலிருந்து வந்ததும் கையை நீட்டி என்னை மோந்து பார்க்கச் சொல்கிறார். பிடிக்கவில்லை என்று காட்டுகிறாராம். நானும் மோந்து பார்க்கிறேன். சிகரெட் வாடை இல்லை, தின்னர் வாடைதான் வருகிறது. "ஒண்ணும் இல்லீங்க" என்கிறேன்.

சாப்பாடு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். நான் அழுதால் தேற்றுகிறார், தேற்றிவிட்டுக் குளியலறைக்குள் போய்விடுகிறார். குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

முந்தாநாள் திடீரென்று கேட்டார்: "அந்த பிரஷ் டெஸ்ட்டுல உன்னோடது என்ன வந்துச்சு? என் பேருல குடுத்தோமே. அக்கா எண்ணியிருக்குமே. என் புகை உனக்குள்ள போயிருந்தா அதுல தெரிஞ்சிருக்கும்ல? கேட்டு எழுது. ஏமாத்துனதையும் சொல்லிடு, திட்டட்டும். அக்கா திட்டும், ஆனா பொய் சொல்லாது."

நாம் எழுதிக்கொள்வது இவருக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களைக் கடையில், துணி மூட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அண்ணி, பத்தொன்பது என்று தெரிந்தால் இந்த மனுஷன் எழுந்திருக்க மாட்டார். சிகரெட் என்றால் விட்டுவிட்டேன் என்றாவது இருக்கிறது. இவர் கழற்றிப் போட்ட சட்டை என்று தெரிந்தால்? ஒன்பது வருடம் என் கையில் கொடுத்தது இவர்தானே. எனக்கு ஒருத்தி போய்விட்டாள். இவரும் போகக் கூடாது.

ஒரே ஒரு தாள் எழுதுங்கள். இவரிடம் காட்டுகிற மாதிரி. உங்களால் முடியாதென்றால் பதிலே போடாதீர்கள், நான் புரிந்துகொள்வேன்.

உங்கள் வாயாடி


ஜூலை 18

வாயாடி,

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரியைத் திறந்தது, உனக்கு எழுதியது, பதினேழு யாருடையது என்பது, அதற்குப் பிறகு நடந்தது. அவர் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். பிறகு பதினேழாம் எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, என்னை மைக்ராஸ்கோப்பிலிருந்தும் எடுத்துவிட்டார். இப்போது கண்ணாடிகளைக் கழுவி அடுக்குகிறேன். சரியான தண்டனைதான், கையுறையோடு கழுவுகிறேன்.

உன் பெயரோ அவன் பெயரோ சொல்லாமல் பட்டறைக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் போயிருக்கிறது. யாருடைய வேலை உடுப்பும் வீட்டுக்குப் போகக் கூடாது, பட்டறையே துவைக்க வேண்டும் என்று. அடுத்த மாதம் முதல் அந்த உடுப்புகளைத் துவைத்துவந்த பெண்களிடமும் பிரஷ் கொடுக்கப் போகிறார்கள். மொத்தம் முப்பத்தொரு வீடு. இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். உனக்கு விருப்பமில்லாவிட்டால் நீ கொடுக்க வேண்டாம். அவனை மட்டும் இந்த முறை அவன் வாயையே சுரண்டிக் கொடுக்கச் சொல். வேறு யாராவது எண்ணட்டும்.

நீ கேட்டதை நாலு நாள் எழுதிக் கிழித்தேன். ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்பதால்தான் இதை எழுத முடிகிறது. உன்னிடம் ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டேன், உனக்கு அது பத்தொன்பதுதான். மூன்று வாரத்தில் கன்னம் புதிதாகும் என்று எழுதினேன். மற்றதெல்லாம் எத்தனை நாளில் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இதோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, சரி என்று பட்டால் அவனிடம் கொடு.

அண்ணி


சின்னவனே,

உன் மனைவி எழுதியிருந்தாள். என்னை ஏமாற்றியதற்கு உன் காதைத் திருகியிருப்பேன், இப்போது வேண்டாம். நீ எனக்குப் போன் செய்ய இருந்தாயாமே. அதைக் கேட்டதே போதும். நான்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். அவள் கொடுத்த ஸ்லைடை நான்தான் பார்த்தேன். இரண்டாயிரம் செல், இரண்டு முறை எண்ணினேன். மூன்றுதான் இருந்தது. மூன்று யாருக்கும் இருக்கும். உன் புகையும் அவளுக்குள் போகவில்லை, வேறு எதுவும் போகவில்லை. சாப்பிடு.

அக்கா